சாகாத பெரணிக்குப் பதினோரு புகார்

வனஜா: திருப்புங்க.

தணிகைவேல்: எதை?

வனஜா: இலையைத்தான் சார். உங்களையா திருப்பச் சொல்வேன்? நீங்க எழுதின புகார்தானே இது... "இலையின் அடியில் பூச்சி. நூற்றுக்கணக்கில். அவசரம்." திருப்பிக் காட்டுங்க, பாக்கறேன்.

தணிகைவேல்: நீங்களே திருப்பலாமே. நர்சரிலேருந்து வந்திருக்கறது நீங்க. நான் சாதாரண சாப்ட்வேர் டெஸ்டர்.

வனஜா: பயமா?

தணிகைவேல்: பயமெல்லாம் இல்ல. ஒரு மரியாதை.

வனஜா: பூச்சிக்கா?

தணிகைவேல்: சரி, இதோ... பாருங்க. உருண்டை உருண்டையா, பழுப்பா, இலை முழுக்க. அதோ, அது நகருது!

வனஜா: நகரல. நீங்கதான் இலையைப் புடிச்சு ஆட்டறீங்க.

தணிகைவேல்: ஏ.சி. ஜாஸ்தி.

வனஜா: சனிக்கிழமை மத்தியானம், ஃப்ளோர்ல ஒரு ஈ காக்கா இல்ல, ஏ.சி.யையே அணைச்சு வெச்சிருக்காங்க. ஜாஸ்தியாம்! விடுங்க இலையை, காம்பு மடங்கிடப் போவுது. இது பூச்சி இல்ல சார். ஸ்போர்.

தணிகைவேல்: அப்படின்னா?

வனஜா: விதைக்குப் பதிலா. ஃபெர்ன் பூக்காது, காய்க்காது. வம்சம் வளரணும்னா இந்தத் தூள்தான். அத்தனையும் இலைக்கு அடியிலேயே வெச்சுக்கும்.

தணிகைவேல்: ஒளிச்சா?

வனஜா: ஒளிச்சுதான். மேல பாத்தா பச்சையா, பளபளன்னு, ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கும்.

தணிகைவேல்: நல்ல அழுத்தம்தான்.

வனஜா: யாரைச் சொல்றீங்க?

தணிகைவேல்: செடியை... செடியைத்தான். எங்க ஊர்ல இதுக்குப் பெரணின்னு பேரு. பிளஸ் டூல படம் வரைஞ்சிருக்கேன்.

வனஜா: எந்த ஊரு?

தணிகைவேல்: குடியாத்தம். நாலாவது புகாருக்கு வந்தப்பவே கேட்டீங்களே.

வனஜா: அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சுக்கறது! சரி, சீக்கிரம் முடிக்கணும் சார். கீழ வேன் நிக்குது. ஓனர் ஆம்ப்ரோஸ் சாரே வந்திருக்காரு. அதோட, இன்னிக்கு எனக்கு இங்க கடைசி.

தணிகைவேல்: எது கடைசி?

வனஜா: இந்த பில்டிங்குக்கு வர்றது. திங்கக்கிழமைலேருந்து எனக்கு வைட்ஃபீல்டு ரூட். இங்க இனிமே அப்பாதுரை வருவாரு.

தணிகைவேல்: அப்பாதுரைன்னா... யாரு?

வனஜா: எங்க நர்சரியிலயே சீனியர். பெரிய மீசை. செடி வாடினா செடியை ஒண்ணும் சொல்ல மாட்டாரு, பக்கத்துல உக்காந்திருக்கறவங்களைத்தான் திட்டுவாரு. நல்ல மனுஷன்.

தணிகைவேல்: அப்ப நீங்க வரவே மாட்டீங்களா?

வனஜா: வைட்ஃபீல்டு எங்க இருக்கு, எலெக்ட்ரானிக் சிட்டி எங்க இருக்கு? ஊருக்கு அந்தக் கோடி இந்தக் கோடி. அதனாலதான் போறதுக்கு முன்னாடி உங்க ஃபைலை முடிச்சுக் குடுத்துடலாம்னு எல்லாப் புகாரையும் எடுத்துட்டு வந்தேன். மொத்தம் பதினொண்ணு.

தணிகைவேல்: அவ்வளவா!

வனஜா: ஆச்சரியப்படறதைப் பாரு! நீங்க எழுதினதுதானே? இந்த ஃப்ளோர்ல எண்பது டேபிள். மத்த எழுபத்தொம்பதுக்கும் சேர்த்து வந்த புகார் ரெண்டு. முதல்ல இது, பதினெட்டு ஜனவரி 2002. "செடி அசல் இல்லை என்று சந்தேகம். இலை பிளாஸ்டிக் போல் மின்னுகிறது."

தணிகைவேல்: மின்னுச்சு இல்ல?

வனஜா: மின்னும். தோல் மாதிரி தடிச்ச இலை. உள்ள இருக்கற ஈரத்தை லேசுல விடாது. ஜப்பான் பக்கம் கடலோரப் பாறை இடுக்குல உப்புக் காத்து குடிச்சு வளர்ற ஜாதி சார் இது. அதுக்கு உங்க ஏ.சி. எம்மாத்திரம்! அடுத்தது... "தொட்டி நடுவில் கம்பளிப்பூச்சி சுருண்டு படுத்திருக்கிறது. எழுப்பவில்லை."

தணிகைவேல்: சத்தியமா அப்படித்தான் இருந்துச்சு! பழுப்பு முடியோட, வாலைச் சுருட்டிக்கிட்டு...

வனஜா: அது புது இலை. ஃபெர்ன் இலை சுருள் சுருளாத்தான் பிறக்கும், மெதுவா விரியும். அந்த முடி, குருத்துக்குப் போர்வை.

தணிகைவேல்: அதுதான் அன்னிக்கே சொன்னீங்களே. அரை மணி நேரம்.

வனஜா: நீங்கதான் திருப்பித் திருப்பிக் கேட்டீங்க. இது நாலாவது. "கீபோர்டில் பழுப்புத் தூள். சிவியாரிட்டி ஹை. மறுபடி நடக்கச் செய்யும் வழி: ஒன்று, இலையைத் தட்டவும். இரண்டு, பார்க்கவும். மூன்று, பயப்படவும்."

தணிகைவேல்: டெஸ்டர் எழுத்து. பழக்கதோஷம்.

வனஜா: நர்சரியில நானும் கூட வேலை பாக்கற முத்தம்மாவும் சிரிச்ச சிரிப்புல மண் கலக்கறதையே விட்டுட்டோம். ஆறாவது... "மாதங்கள் ஓடிவிட்டன. ஒரு பூ கூட இல்லை. மனம் உடைந்து போயிருக்கிறேன்."

தணிகைவேல்: அது கொஞ்சம் ஓவராயிடுச்சு.

வனஜா: கொஞ்சமா? ஆனா நான் கேக்க வந்தது அது இல்ல. தேதியைப் பாருங்க. எல்லாமே வெள்ளிக்கிழமை. செடிக்கு வெள்ளிக்கிழமைன்னா மட்டும் காய்ச்சல் வருமா?

தணிகைவேல்: வாரக் கடைசி டென்ஷன் அதுக்கும் இருக்காதா?

வனஜா: வெள்ளிக்கிழமை எழுதினா சனிக்கிழமை ஆள் வரும். சனிக்கிழமை ஃப்ளோர் காலி. ஆனா நீங்க மட்டும் இருப்பீங்க. ஏன் சார்?

தணிகைவேல்: ரிலீஸ்.

வனஜா: ஏழு மாசமாவா?

தணிகைவேல்: பெரிய ரிலீஸ்.

வனஜா: நல்லா இருக்குது கதை. சரி, இன்னிக்குப் புகாருக்கு வருவோம். இந்தப் புள்ளியைக் கிட்டக்கப் பாருங்க. ஒவ்வொண்ணு மேலயும் மெல்லிசா ஒரு தோல், குடை விரிச்ச மாதிரி. உள்ள ஸ்போர் முத்துற வரைக்கும் அதுதான் காவல். முத்தினதும் அந்தக் குடை சுருங்கிப் போயி...

தணிகைவேல்: இண்டூசியம்.

வனஜா: ...என்ன சொன்னீங்க?

தணிகைவேல்: ஒண்ணுமில்ல. இருமினேன்.

வனஜா: இருமல் இவ்வளவு தெளிவா வருமா? அந்தக் குடைக்கு இண்டூசியம்னு பேரு. நான் பி.எஸ்சி. பாட்டனி, எனக்குத் தெரியும். பூச்சின்னு எழுதினவருக்கு எப்படித் தெரியும்?

தணிகைவேல்: பிளஸ் டூ...

வனஜா: படம் வரைஞ்சீங்க, சரி. இந்தப் பேரா ஞாபகம் இருக்கு? இருங்க, கேக்கறேன். ஸ்போர் விழுந்தா நேரா செடி முளைக்குமா?

தணிகைவேல்: தெரியாது.

வனஜா: சார்.

தணிகைவேல்: ...முளைக்காது. முதல்ல குட்டியா ஒரு பச்சைத் தகடு வரும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு.

வனஜா: என்ன ஷேப்பு?

தணிகைவேல்: அதை வாயால வேற சொல்லணுமா?

வனஜா: வைவான்னா வாயாலதான் சொல்லணும்.

தணிகைவேல்: ஹார்ட் ஷேப்பு. ஏன் சிரிக்கறீங்க? புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு!

வனஜா: நான் சிரிக்கல. அப்புறம்?

தணிகைவேல்: அதுல ஒரு சொட்டுத் தண்ணியாவது நிக்கணும். தண்ணி இருந்தாத்தான் ஆண் அணு நீந்திப் போயி... வனஜா, போதுமே!

வனஜா: போதும் போதும். பாஸ். எந்தப் புத்தகம்?

தணிகைவேல்: அவென்யூ ரோட்ல வாங்கினேன். பழைய பாட்டனி புத்தகம், பின்னட்டை கிடையாது. மூணாவது புகாருக்கு நீங்க வந்துட்டுப் போனப்புறம். நீங்க சொல்லும்போது சும்மா தலையாட்டிக்கிட்டு நிக்கறோமே, பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேச வேணாமான்னு...

வனஜா: அப்ப நாலாவதுலேருந்து எல்லாமே தெரிஞ்சே எழுதினது!

தணிகைவேல்: ஒண்ணு ரெண்டு தெரியாமயும்...

வனஜா: எது? ஒன்பதாவதா? "இலை தானாக உதிர்ந்தது." இதுவா?

தணிகைவேல்: அது உதிர்ந்துச்சுங்க. காலைல வந்து பாக்கறேன், டேபிள் மேல கிடக்குது.

வனஜா: தணிகைவேல் சார்... இது இலை உதிர்க்கற ஜாதியே இல்ல. வெயில் காலம், குளிர் காலம், எப்பவும் பச்சை. ஒரு இலைக்கு வயசாயிடுச்சுன்னாகூட காம்போட நின்னபடியேதான் காயும். நாமதான் எடுக்கணும். தொட்டியில மிச்சம் நிக்கற இந்தக் காம்பைப் பாருங்க, எவ்வளவு நேரா ஒரு வெட்டு! கத்தரிக்கோலா?

தணிகைவேல்: ...பேன்ட்ரில கேக் வெட்டற கத்தி.

வனஜா: அய்யோ பாவி!

தணிகைவேல்: ஒரே ஒரு இலைங்க! அதுவும் இருக்கறதுலயே வயசான இலையாப் பாத்து, மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வெட்டினேன். வேற என்ன பண்றது? பத்து நாள் தண்ணி ஊத்தாமப் பாத்தேன், கம்முனு இருக்கு. ஏ.சி. காத்துக்கு நேரா வெச்சேன், அதுக்கும் ஒண்ணும் ஆகல. வெளிச்சமே இல்லாத சர்வர் ரூம்ல ஒரு வாரம் வெச்சேன், இன்னும் நல்லா கரும்பச்சையா ஆயிடுச்சு! நான் டெஸ்ட் பண்ண சாப்ட்வேர் ஒண்ணுகூட இவ்வளவு தாங்கினதில்ல.

வனஜா: அது என்ன பண்ணுச்சு உங்களை?

தணிகைவேல்: சாக மாட்டேங்குதே! அதுக்கு ஒண்ணும் ஆகலேன்னா நீங்க எதுக்கு வருவீங்க? மத்த டேபிள்ல பாருங்க, மணி பிளான்ட்டு, குரோட்டன்ஸு. பதினஞ்சு நாள் உள்ள இருந்தாலே சோர்ந்து போவுது, நீங்க எடுத்துட்டுப் போயி நிழல் வலைல வெச்சுத் தேத்தறீங்க, வேற செடி வருது. அதுவும் காலைல ஆறு மணிக்கு வந்து மாத்திட்டுப் போயிடறீங்க. எவன் பாக்கறது? புகார் குடுத்தாத்தான் பகல்ல வருவீங்க. எனக்குன்னு வாய்ச்சது இந்தக் கல்லுப்பிள்ளையார் மாதிரி ஒரு செடி.

வனஜா: உங்க சீட்டு ஏ.சி. வாய்க்கு நேர் கீழ இருந்துச்சு. வேற எதை வெச்சாலும் தாங்காதேன்னு நான்தான் அதைக் கொண்டாந்து வெச்சேன்.

தணிகைவேல்: நல்லா வெச்சீங்க.

வனஜா: வேற செடி குடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

தணிகைவேல்: வேற செடி நெஜமாவே செத்துப் போயிட்டா? அந்தப் பாவம் வேறயா! இது சாகாதுன்னு தைரியத்துலதான் இவ்வளவும் பண்ணேன்.

வனஜா: ரொம்ப நல்ல மனசு.

தணிகைவேல்: கிண்டல் பண்ணாதீங்க. இருங்க... என்னாலதானா?

வனஜா: எது?

தணிகைவேல்: ரூட்டை மாத்தினது. ஒரே டேபிள்லேருந்து பதினோரு புகார். உங்க ஓனர் என்ன நினைச்சிருப்பாரு? இந்தப் பொண்ணுக்கு ஒரு ஃபெர்னைக்கூடப் பாத்துக்கத் தெரியலன்னுதானே?

வனஜா: அவரு என்ன நினைச்சாரோ, எனக்கு எப்படித் தெரியும்?

தணிகைவேல்: நான் முட்டாள். நான் சும்மா விளையாட்டுக்கு எழுதினது உங்க வேலைக்கே வினையா வந்திருக்கு. கீழதானே இருக்காரு? நான் போய்ச் சொல்லிடறேன். செடிக்கு ஒண்ணும் இல்ல, அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் நான் ஜோடிச்சதுன்னு.

வனஜா: எதுக்கு ஜோடிச்சீங்கன்னு கேட்டா?

தணிகைவேல்: அதையும் சொல்லிடறேன்.

வனஜா: வேணாம் சார்!

தணிகைவேல்: என் மானம் போனாப் போவுது. உங்க வேலையை நான்...

வனஜா: அய்யோ, சும்னே இரி! சும்மா இருங்கன்னா!

தணிகைவேல்: பதட்டம் வந்தா கன்னடம் வருது உங்களுக்கு.

வனஜா: பிறந்து வளர்ந்ததெல்லாம் ஹெப்பகோடி, நர்சரிக்குப் பக்கத்துலயே. வராம என்ன பண்ணும்? உக்காருங்க முதல்ல.

தணிகைவேல்: முடியாது. ஜன்னல்லேருந்தே கூப்பிடறேன். சார்னு கத்தினா கேக்கும், ரெண்டாவது மாடிதானே...

வனஜா: ஜன்னல் கிட்ட போகாதீங்க!

தணிகைவேல்: ...வேன் எங்க?

வனஜா: அந்தப் பக்கமா நிறுத்தியிருப்பாரு.

தணிகைவேல்: அந்தப் பக்கம் காம்பவுண்டு சுவரு. பார்க்கிங்ல ஒரு ஸ்கூட்டர் நிக்குது. அதுக்கு அடியில ஒரு நாய் தூங்குது. வேற ஒண்ணும் இல்ல.

வனஜா: டீ குடிக்கப் போயிருப்பாரு.

தணிகைவேல்: வேனோடவா, வனஜா?

வனஜா: சனிக்கிழமை வேன் வராது.

தணிகைவேல்: அப்ப எப்படி வந்தீங்க?

வனஜா: ஆனேக்கல் பஸ்ல.

தணிகைவேல்: இன்னிக்கு மட்டுமா, பதினோரு தடவையுமா?

வனஜா: பத்து. ஒரு தடவை பஸ் பாதியில நின்னு போச்சு. மீதியை நடந்தேன்.

தணிகைவேல்: ஆம்ப்ரோஸ் சார் ஒரு ஆட்டோகூட வெச்சுக் குடுக்க மாட்டாரா?

வனஜா: அவருக்குத் தெரிஞ்சாத்தானே வெச்சுக் குடுக்க! உங்க ஆபீஸ்லேருந்து புகாரைப் படிச்சுச் சொல்ல போன் வந்தா எடுக்கறது நான், இங்க வந்து அந்தக் காகிதத்தை வாங்கறதும் நான். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல எனக்கு லீவு. அதுல வர்றேன், போறேன்.

தணிகைவேல்: இந்தப் புகாரெல்லாம்?

வனஜா: அவர் கண்ணுல ஒண்ணுகூடப் படல. வந்தன்னிக்கே மடிச்சுப் பையில வெச்சுடுவேன். எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?

தணிகைவேல்: அப்ப, இது பூச்சி இல்லன்னு உங்களுக்கு...

வனஜா: போன்லயே தெரியும். நாலு வருஷமா ஃபெர்னோட கிடக்கறவளுக்கு ஸ்போர் எது, பூச்சி எதுன்னு தெரியாதா? "அது ஸ்போர், துடைக்காதீங்க"ன்னு போன்லயே சொன்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

தணிகைவேல்: ஏன் சொல்லல?

வனஜா: சொல்லிட்டா அப்புறம் எதுக்கு வர்றதாம்? வாயை மூடுங்க, ஈ பூந்துடப் போவுது.

தணிகைவேல்: இப்பதானே ஈ காக்கா இல்லன்னீங்க! ஏழு மாசம்... ஏழு மாசமா ரெண்டு பேரும் ஒரு செடியை நடுவுல நிக்க வெச்சு...

வனஜா: செடியை வெட்டினது நீங்க மட்டும்தான். அதுல என்னைச் சேர்க்காதீங்க.

தணிகைவேல்: வனஜா, எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. ரொம்பப் புடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை வந்துட்டா சாப்பாடு இறங்காது. பதினொண்ணு எழுதினேனே, ஒண்ணுலயாவது இதை எழுதியிருக்கணும். தைரியம் வரல.

வனஜா: எந்த இடத்துல எழுதியிருப்பீங்க? "செடியின் தற்போதைய நிலை"ன்னு ஒரு கோடு போட்டிருக்குமே, அங்கயா?

தணிகைவேல்: நான் எவ்வளவு சீரியஸா சொல்றேன்!

வனஜா: நானும் சீரியஸாத்தான் கேட்டுட்டு இருக்கேன். காது ரெண்டும் சுடுது, பாத்தாத் தெரியலையா?

தணிகைவேல்: அப்ப வைட்ஃபீல்டுக்குப் போகாதீங்க.

வனஜா: போகணும். எழுத்துல குடுத்தாச்சு.

தணிகைவேல்: எனக்குப் புரியல. புகார் எதுவுமே அவருக்குப் போகலேங்கறீங்க. உங்க வேலைல ஒரு குறையும் இல்ல. அப்புறம் எதுக்கு உங்களைத் தூக்கி அந்தக் கோடில போடணும்? யாரு போய்ப் போட்டுக் குடுத்தது? அந்த மீசைக்காரரா? பேரைச் சொல்லுங்க, நான் ஹெப்பகோடிக்கே வந்து உங்க ஓனர்கிட்ட பேசறேன்.

வனஜா: யாரும் போட்டுக் குடுக்கல. ரூட்டை மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடுத்ததே நான்தான். இந்த பில்டிங்குக்கு வேலைக்கு வர்ற வரைக்கும் நீங்க சார், நான் செடிக்காரம்மா, நான் ஏறி வரவேண்டியது சரக்கு லிஃப்ட். கஸ்டமர் ஆபீஸ்ல யாரோடயும் பழகக் கூடாதுன்னு ஆம்ப்ரோஸ் சார் நம்பி அனுப்பறாரு, அவரை இதுக்கு மேல ஏமாத்த எனக்கு மனசு இல்ல. உங்களைப் பாக்காம இருக்கவும் மனசு இல்ல. திங்கக்கிழமைலேருந்து இந்த பில்டிங் செடிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அடுத்த சனிக்கிழமை ரெண்டு மணிக்கு முன்வாசல் வழியா வருவேன். செக்யூரிட்டி விசிட்டர் நோட்டை நீட்டுவாரு. பேரு வனஜா, பாக்க வேண்டியவர் தணிகைவேல். அஃபிஷியலா, பர்சனலான்னு ரெண்டு கட்டம் இருக்கும்ல... நான் ரெண்டாவதுலதான் டிக் போடப் போறேன்.